பதினான்கரை மீட்டர்

யூலோஹியா சம்பியின் முற்றத்தில்
என் துளை இருக்கிறது.
முப்பத்திரண்டு மீட்டர் ஆழம்,
வாயில் நகராட்சிப் பூட்டு,
பூட்டின்மேல் அவள் கவிழ்த்த நீலவாளி.

மாதம் ஒருமுறை வாளியை நகர்த்துவேன்.
சக்கரம் வைத்த இரும்புக் குச்சியைக்
கேபிளில் கட்டி அடிவரை இறக்குவேன்.
பிறகு அரை மீட்டர் இழு, நிறுத்து, எழுது.
அரை மீட்டர் இழு, நிறுத்து, எழுது.
குழாய் எந்த இடத்தில் எவ்வளவு சாய்ந்தது என்று
குச்சி சொல்லும், கேபிள் கடத்தும்.
பேசக் கூடாது, எண் தப்பிவிடும்.
அவள் பேசுவாள்.
உருளைக்கிழங்கு விலை, மருமகனின் மினிபஸ் கடன்,
எதிர்வீட்டு நாய்க்கு ஒரு கண்.

லா பாஸ் நகரம் ஒரு பெரிய கிண்ணம்.
கழுவாத அதன் விளிம்பில்
ஒட்டிக்கிடக்கும் பருக்கைகள் லாராமா சரிவின் வீடுகள்.
செங்கல் தெரியும் சுவர்களில் விரிசல் கண்டால்
குறுக்கே ஒரு கை சாந்து அப்பி
கண்ணாடித் துண்டு ஒன்றைப் பதிப்போம்.
அதற்கு இங்கே பெயர் சாட்சி.
நானூறு சாட்சிகளுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.
உடைந்தால்தான் வாய் திறக்கும்.

ஜனவரியில் ஒன்பது நாள் மழை.
பதின்மூன்றாம் தேதி குச்சியை இறக்கினேன்.
பதினான்கரை மீட்டரில் நின்றது.
தூக்கிப் போட்டேன், திருப்பிப் போட்டேன்,
கிணற்றில் பாதாளக் கரண்டி விட்டவன்போல் துழாவினேன்.
கீழே பதினேழரை மீட்டர் எனக்குச் சொந்தமில்லை.

"மாட்டிக்கிச்சா?" என்றாள்.
"என் கதவும் அப்படித்தான்."

நிலையில் பென்சில் கோடுகள்.
கதவு இடிக்கும்போதெல்லாம்
சவப்பெட்டி செய்யும் ஃபோர்துனாத்தோவிடம்
இழைப்புளி இரவல் வாங்கி
மேல்மூலையைச் சீவி
தேதி போட்டிருக்கிறாள், திருப்பிக் கொடுக்க மறக்காமலிருக்க.
டிசம்பர் மூன்று. டிசம்பர் இருபத்தொன்பது.
ஜனவரி எட்டு. ஜனவரி பன்னிரண்டு.
"இன்னிக்குக் காலையிலயும்."

இருபத்தாறு நாள், பத்து, நான்கு, ஒன்று.
விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோது
அடுத்த விரல் இல்லை.

பொறியாளர் யானரிக்கோவுக்குப் போன் செய்தேன்.
எத்தனை மில்லிமீட்டர் என்றார்.
குச்சி இறங்கவில்லை என்றேன்.
எண் இல்லாமல் என்ன எழுதுவது என்றார்.
இறங்காததுதான் எண், சார்.
மறுமுனையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம்.

நாற்பத்தொரு வீடு காலியாக
இரண்டு இரவு பிடித்தது.
கோழி, காஸ் சிலிண்டர், மணக்கோலப் படம்,
தொலைக்காட்சியைக் குழந்தைபோல் போர்த்தி ஒருவர்.
திட்டினார்கள். என்னைத்தான், மலையை யாரும் திட்டவில்லை.

மூன்றாம் விடியலில் போனது.
லாரி மணல் கொட்டுகிற சத்தம்,
லாரி காலியாகவே இல்லை.
நீலவாளி போனது, என் துளை போனது,
ஆள் யாரும் போகவில்லை.
அன்று மதியம் பசித்தது, அதை எண்ணி வெட்கப்பட்டேன்.

ஆகஸ்டில் எல் ஆல்தோவுக்குப் போனேன்.
பலகைபோல் தட்டையான ஊர், காற்றுக்குத் தடையில்லை.
மருமகனின் மினிபஸ் கூரையில் கட்டி
கதவை மட்டும் கொண்டுவந்திருக்கிறாள்.
புதுச் சுவர் நேர், நிலை நேர்,
கதவின் மேல்மூலைதான் இல்லை.
அந்த முக்கோணத்தில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தாள்.
குளிர் அதையும் படித்துவிட்டு உள்ளே வந்தது.

"அங்கே சரியா மூடும்" என்றாள், சண்டைக்கு வருவதுபோல.

ஸ்கேல் பையில் இருந்தது. ஏன் எடுத்தேன் தெரியவில்லை.
ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில்
இருபத்துமூன்று மில்லிமீட்டர்.
"எழுதிக்கோ" என்றாள்.
எந்தப் படிவம் என்று தெரியாமல்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.